வைஃபை இருக்கிறது, நெட் இல்லை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே குறையைப் பற்றியவை. வீட்டுக் கம்ப்யூட்டரில் நெட் வரவில்லை. குறை ஒன்றுதான், காரணம் வீட்டுக்கு வீடு வேறு. அதனால் இந்த இதழில் முழுப் பக்கங்களையும் இவற்றுக்கே கொடுத்துவிட்டோம். பதில்களில் கட்டளைகளின் உச்சரிப்பை மட்டும் தமிழில் தருகிறோம். கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். படிகள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

கேள்வி: வைஃபை கோடுகள் முழுதாக நிற்கின்றன. அதே வைஃபையில் போனில் எல்லாம் வருகிறது. கம்ப்யூட்டரில் மட்டும் ‘நோ இன்டர்நெட்’ என்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டும் பயனில்லை. தெரிந்தவர் ஒருவர் விண்டோஸையே மறுபடி போடச் சொல்கிறார். போட்டுவிடலாமா?

வேண்டாம். மறுபடி போட்டால் சில சமயம் சரியாகும்தான். ஆனால் எதனால் வந்தது என்று தெரியாமலே போய்விடும். திரும்ப வந்தால் திரும்பவும் ஒரு நாள் வீண்.

முதலில் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். வைஃபையில் நெட் இல்லை என்று தெரிந்தால் பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ‘போனில் வருகிறதே’ என்று நம்பிக் கம்ப்யூட்டரைக் குடைபவர்கள் ஏமாறுவது இங்கேதான். டேட்டாவை அணைத்த பிறகும் போனில் வந்தால், வெளி லைனும் ரவுட்டரும் நலம். குறை பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான்.

வைஃபை கோடுகளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே சிக்னல் எவ்வளவு என்பதை மட்டும்தான் அவை காட்டும். ரவுட்டருக்கு அப்பால் லைன் அறுந்து கிடந்தாலும் கோடுகள் முழுதாகவே நிற்கும்.

இனி பக்கத்திலிருந்து தொலைவுக்கு ஒவ்வொரு கட்டமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ‘சிஎம்டி’ என்று அடித்து என்டர் தட்டுங்கள். கறுப்புத் திரை வரும். அதில் ‘ஐபிகான்ஃபிக்’ என்று இடைவெளி விடாமல் அடியுங்கள். வருகிற பட்டியலில் உங்கள் வைஃபை பகுதிக்குக் கீழே இரண்டு வரிகளைப் பாருங்கள்: ஐபிவி4 அட்ரஸ், டீஃபால்ட் கேட்வே. முகவரி 192.168 என்றோ 10. என்றோ தொடங்கி, கேட்வே வரியிலும் ஒரு எண் இருந்தால் நல்லது. அந்தக் கேட்வேதான் உங்கள் ரவுட்டர். முகவரி 169.254 என்று தொடங்கினால் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். ‘மீடியா டிஸ்கனெக்டட்’ என்றிருந்தால் கம்ப்யூட்டர் வைஃபையில் சேரவே இல்லை.

அடுத்து, ‘பிங்’ என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு அந்தக் கேட்வே எண்ணை அடியுங்கள். நான்கு முறை ‘ரிப்ளை ஃப்ரம்’ என்று பதில் வர வேண்டும். வைஃபையில் ஒரு சில மில்லி செகண்டுக்குள் வந்தால் ஆரோக்கியம். நான்கில் ஒன்றிரண்டு தவறினாலோ, 200, 300 மில்லி செகண்ட் என்று தாவினாலோ சிக்னலில்தான் கோளாறு, செட்டிங்கில் இல்லை. கம்ப்யூட்டரை ரவுட்டர் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடி பாருங்கள். கேட்வே ஒழுங்காகப் பதில் சொன்னால் ‘பிங் 8.8.8.8’. இது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர். வீட்டுக்கு வெளியே இருப்பது. இதற்கும் பதில் வந்தால் கம்ப்யூட்டர் உண்மையில் நெட்டில்தான் இருக்கிறது.

கடைசியாக, எண்ணுக்குப் பதில் உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு தளத்தின் பெயரைப் போட்டு பிங் செய்யுங்கள். இங்கே பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டாம். பிங்குக்குப் பதில் சொல்லாத தளங்கள் நிறைய உண்டு. முதல் வரியில் அந்தப் பெயருக்கு அருகே ஓர் ஐபி எண் முளைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எண் வராமல் ‘குட் நாட் ஃபைண்ட் ஹோஸ்ட்’ என்றால் டிஎன்எஸ் குறை. பெயரை எண்ணாக மாற்றித் தருகிற இடம் பதில் சொல்லவில்லை. போனில் வந்து கம்ப்யூட்டரில் வராத குறையில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

இதைச் சரிசெய்ய, மறுபடி விண்டோஸ் சாவி, ஆர் அழுத்தி ‘என்சிபிஏ.சிபிஎல்’ என்று அடியுங்கள். நெட்வொர்க் இணைப்புகள் வரிசையாகத் தெரியும். வைஃபை மேல் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ். பட்டியலில் ‘இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4’ என்ற வரியைத் தேர்ந்து (பக்கத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடாதீர்கள்) மறுபடி ப்ராபர்ட்டீஸ். கீழ்ப் பாதியில் டிஎன்எஸ் பெட்டிகள் இருக்கும். ஏற்கெனவே யாரோ ஓர் எண்ணைப் போட்டு வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு ‘ஆட்டோமேட்டிக்’ என்று வையுங்கள். பலருக்கு அதுவே போதும். ஏற்கெனவே ஆட்டோமேட்டிக்கில் இருந்தால் 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் போட்டு ஓகே கொடுங்கள். பிறகு கறுப்புத் திரையில் ‘ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்’. பழைய தவறான பதில்களைக் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். இந்தக் கட்டளை அதைத் துடைத்துவிடும்.

நான்கும் தேறிவிட்டது, ஆனால் பிரவுசரில் மட்டும் பக்கம் திறக்கவில்லை என்றால் ப்ராக்ஸி (நடுவில் நின்று பக்கங்களை வாங்கித் தரும் சர்வர்), விபிஎன் (போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் மென்பொருள்), ஆன்டிவைரஸ் ஆகிய மூன்றில் ஒன்று. அதைத் தனிக் கேள்வியில் சொல்லியிருக்கிறோம்.

இன்னொன்று: ‘நோ இன்டர்நெட்’ என்று எழுதியிருந்தாலும் பக்கங்கள் எல்லாம் திறக்கிற வீடுகளும் உண்டு. விண்டோஸ் அவ்வப்போது மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து ஒரு சின்ன உரைக் கோப்பை எடுத்துப் பார்க்கும். அதில் எதிர்பார்த்த வாசகம் வராவிட்டால் அந்த அறிவிப்பைப் போட்டுவிடும். விளம்பரத் தடுப்பானோ விபிஎன்னோ அந்த ஒரு கோப்பை மறித்தாலும் இப்படித்தான் ஆகும். பக்கங்கள் திறந்தால் அறிவிப்பைக் கண்டுகொள்ளாதீர்கள்.

கேள்வி: ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது. நான் எந்த எண்ணும் போடவில்லை. இது எங்கிருந்து வந்தது?

உங்கள் கம்ப்யூட்டர் தானே சூட்டிக்கொண்ட எண். நெட்வொர்க்கில் சேரும்போது ‘எனக்கொரு முகவரி வேண்டும்’ என்று கம்ப்யூட்டர் கேட்கும். ரவுட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி என்ற பகுதி ஒன்றை எடுத்துத் தரும். கேட்டும் பதில் வராவிட்டால் விண்டோஸ் 169.254 வரிசையில் ஏதோ ஒன்றைத் தானே போட்டுக்கொள்ளும். இந்த முகவரியை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாது. டிஎன்எஸ் எண்ணை மாற்றுவது, பிரவுசரை மாற்றுவது எல்லாம் இந்த நிலையில் வெட்டி வேலை.

கறுப்புத் திரையில் ‘ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்’, பிறகு ‘ஐபிகான்ஃபிக் /ரினியூ’. ரினியூ நெடுநேரம் யோசித்துப் பிழை காட்டினால், ரவுட்டரை அணைத்து 30 விநாடி விட்டுப் போட்டு, விளக்குகள் நிலைபெற்ற பிறகு இன்னொரு முறை.

அப்போதும் வரவில்லை என்றால் குறை ரவுட்டரிலா கம்ப்யூட்டரிலா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. போனின் வைஃபை விவரத்தைத் திறந்து அதற்குக் கிடைத்த முகவரியையும் கேட்வேயையும் குறித்துக்கொள்ளுங்கள். முகவரி 192.168.1.34, கேட்வே 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன அதே ஐபிவி4 பெட்டியில் கம்ப்யூட்டருக்கு 192.168.1.240, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1, டிஎன்எஸ் 8.8.8.8 என்று கையால் கொடுங்கள். முதல் மூன்று எண்கள் போனில் இருப்பவையாகவே இருக்க வேண்டும்; கடைசி எண் வீட்டில் வேறு எதற்கும் இல்லாததாக இருக்க வேண்டும்.

இப்போது நெட் வந்துவிட்டால் இணைப்பு நன்றாக இருக்கிறது. முகவரி கேட்டு வாங்கும் இடத்தில்தான் தடை. பிரவுசரில் கேட்வே எண்ணை அடித்தால் வரும் ரவுட்டரின் செட்டிங் பக்கத்துக்குப் போய் டிஎச்சிபி இயங்குகிறதா, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுக்கிறது என்று பாருங்கள். 100 முதல் 119 வரை என்று இருந்தால் 20 கருவிகளுக்குத்தான் இடம். போன்கள், டிவி, கேமரா, விருந்தாளிகளின் போன் என்று அது சீக்கிரம் நிறைந்துவிடும். சில போன்கள் தங்கள் வைஃபை அடையாள எண்ணை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும். ஒரே போன் இரண்டு மூன்று முகவரிகளைப் பிடித்து வைத்துக்கொள்வதும் அதனால்தான். வரம்பை 100 முதல் 199 வரை என்று விரித்துவிடுங்கள். ரவுட்டரில் எல்லாம் சரியென்றால் கம்ப்யூட்டரின் ஃபயர்வாலைச் சந்தேகிக்க வேண்டும்.

கையால் எண் கொடுத்தும் வரவில்லை என்றால் அது முகவரிக் குறையே இல்லை. வைஃபை கார்டோ, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரோ, கேபிளோ சரியில்லை. எப்படியானாலும் சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ‘ஆட்டோமேட்டிக்’குக்குத் திருப்பிவிடுங்கள். மறந்து அப்படியே விட்ட லேப்டாப்பை வேறு வீட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே நெட் வராமல் போகலாம். அதற்குள் இந்த எண் யாருக்கும் நினைவிலும் இருக்காது.

கேள்வி: மாடியில் சிக்னல் எட்டவில்லை என்று பழைய ரவுட்டரைக் கேபிளால் இணைத்து மேலே வைத்தோம். அன்றிலிருந்து கீழே உள்ள கம்ப்யூட்டரிலும் நெட் சில நாள் வருகிறது, சில நாள் இல்லை.

ஒரே வீட்டில் இரண்டு பேர் முகவரி பங்கிடுகிறார்கள். எந்த ரவுட்டர் முந்திக்கொள்கிறதோ அதன் பேச்சைக் கம்ப்யூட்டர் கேட்கும். மேலே உள்ளது முந்திக்கொண்டால் அது தன்னையே கேட்வே என்று சொல்லும். அதற்கோ வெளி லைன் கிடையாது. போதாக்குறைக்கு இரண்டு ரவுட்டருக்கும் ஆலையிலேயே 192.168.1.1 என்ற ஒரே முகவரி போட்டிருக்கலாம்.

பழையதைக் கழற்றிக் கீழே கொண்டுவாருங்கள். மற்ற எதனோடும் இணைக்காமல் லேப்டாப்பை மட்டும் கேபிளால் அதில் மாட்டி அதன் செட்டிங் பக்கத்தைத் திறங்கள். ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தால் போதும். இல்லையென்றால் இரண்டு காரியம், இந்த வரிசையில்: முதலில் அதன் லேன் (வீட்டுக்குள் உள்ள நெட்வொர்க்) முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். ரவுட்டர் ஒருமுறை அணைந்து எரியும். புது முகவரியில் மறுபடி உள்ளே போய் டிஎச்சிபியை அணையுங்கள். டிஎச்சிபியை முதலில் அணைத்தால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் நீங்களே வெளியே நிற்பீர்கள். பிறகு மாடியில் வைத்து, கீழிருந்து வரும் கேபிளை அதன் வேன் (வெளி லைனுக்கான) துளையில் இல்லாமல், லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். இந்தக் கடைசி விஷயத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வேன் துளை பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும். கை தானாக அங்கேதான் போகும்.

கேள்வி: ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னுகிறது. எந்தக் கருவியிலும் நெட் இல்லை. பின்னால் உள்ள ரீசெட் துளையில் ஊசியால் அழுத்தலாமா?

அழுத்தவே கூடாது. எல்ஓஎஸ் சிவப்பு என்றால் பெட்டிக்கு ஒளி வந்து சேரவில்லை. ரீசெட் அழுத்தினால் ஒளி வந்துவிடாது. இணைப்புக் கொடுத்தவர் போட்டு வைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு, மற்ற அமைப்புகள் எல்லாம் அழியும். அதற்குப் பிறகு லைன் சரியானாலும் நெட் வராது. ஒரு குறை இரண்டாகிவிடும்.

நீங்கள் பார்க்கக்கூடியது கொஞ்சம்தான். மெல்லிய ஃபைபர் கயிறு மேசைக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியிருக்கிறதா, கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். மடிந்த இடத்தில் ஒளி கசிந்துவிடும். பெட்டியில் செருகிய முனை முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று மெதுவாக அழுத்திப் பாருங்கள். முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. விரலாலும் தொடாதீர்கள், தூசு ஒட்டினாலே சிக்னல் குறையும். இவ்வளவும் சரியென்றால் இணைப்புக் கொடுத்தவரை அழைத்து ‘நெட் வரவில்லை’ என்று சொல்லாமல் ‘எல்ஓஎஸ் சிவப்பு’ என்று சொல்லுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிற சடங்குகள் மிச்சமாகும்.

எல்ஓஎஸ் அணைந்திருந்து, பான் என்ற விளக்கு நிலையாக எரியாமல் மின்னிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, எதிர்முனையில் பதிவாகவில்லை. அதுவும் அவர்கள் பார்க்க வேண்டியதுதான்.

கேள்வி: புது ரவுட்டர் மாற்றியதிலிருந்து எங்கள் வைஃபை பெயர் போனில் தெரிகிறது, பழைய லேப்டாப்பில் பட்டியலிலேயே இல்லை. பக்கத்து வீட்டுப் பெயர்கள் எல்லாம் தெரிகின்றன.

அக்கம்பக்கத்துப் பெயர்கள் தெரிவதால் லேப்டாப்பின் வைஃபை வேலை செய்கிறது. புது ரவுட்டர் 5 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பிக்கொண்டிருக்கலாம். பழைய கார்டுகள் பல 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் அறிந்தவை. ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் 2.4-ஐ இயக்கி, அதற்குத் தனிப் பெயர் கொடுங்கள். அதன் சேனலையும் பாருங்கள். ஆட்டோவில் விட்டால் சில ரவுட்டர்கள் 12, 13-க்குப் போய்விடும். பல கார்டுகள் 11-க்கு மேல் தேடுவதே இல்லை. 1, 6, 11 மூன்றில் ஒன்றைப் பூட்டிவிடுங்கள். இந்த மூன்று மட்டுமே ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை.

பெயர் தெரிந்து, பாஸ்வேர்டு சரியாகப் போட்டும் சேரவில்லை என்றால் பாதுகாப்பு வகையைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய கார்டு உள்ளே வர முடியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள். பழைய லேப்டாப்புக்காகப் பாதுகாப்பையே எடுத்துவிடச் சொல்வார்கள்; கேட்காதீர்கள்.

ஹார்டு டிஸ்க்கை மாட்டினால் மட்டும் வைஃபை போகிறது என்று இன்னொரு வாசகர் எழுதியிருந்தார். அது மாயமில்லை. யுஎஸ்பி 3.0 கருவிகளும் கேபிள்களும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். 2012-இல் இன்டெல் நிறுவனமே இதை விளக்கி ஆவணம் வெளியிட்டிருக்கிறது. டிஸ்க்கை வைஃபை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள், அல்லது 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

கேள்வி: விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். இப்போது வைஃபை என்ற பொத்தானே காணவில்லை. டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும்!

போனைச் சார்ஜ் கேபிளால் கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். ஆண்ட்ராய்டு போனென்றால் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் ‘யுஎஸ்பி டெதரிங்’ இருக்கும், இயக்குங்கள். விண்டோஸுக்கு இதற்கான டிரைவர் கூடவே வருகிறது. சில விநாடியில் கம்ப்யூட்டர் கேபிள் வழி நெட் வந்ததாக நினைத்துக்கொள்ளும். போன் வைஃபையில் இருந்தால் அந்த நெட்டையே கம்ப்யூட்டருக்குத் தரும், டேட்டா செலவாகாது. சார்ஜ் மட்டும் செய்கிற மலிவு கேபிளென்றால் டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருக்கும், கேபிளை மாற்றுங்கள்.

நெட் வந்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிடுங்கள், அநேகமாக அதுவே டிரைவரைக் கொண்டுவந்துவிடும். வராவிட்டால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி போட்ட ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ மேல் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடி. அங்கே ‘வென்’ என்ற எழுத்துகளை அடுத்து வரும் நான்கு குறிகள் கார்டு யாருடையது என்று சொல்லும்: 8086 என்றால் இன்டெல், 10இசி ரியல்டெக், 14இ4 பிராட்காம், 168சி ஆதெராஸ், 14சி3 மீடியாடெக். உங்கள் லேப்டாப் மாடலுக்கான டிரைவரை லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். ‘எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்’ என்று அழைக்கிற மென்பொருள்கள் பக்கம் போக வேண்டாம்.

டிவைஸ் மேனேஜரில் அப்படியொரு வரியே இல்லை, மஞ்சள் குறியும் இல்லை என்றால் கார்டு பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில்) அணைக்கப்பட்டிருக்கலாம், தளர்ந்திருக்கலாம், செத்திருக்கலாம். விரல்நுனி அளவு யுஎஸ்பி வைஃபை ஒன்றை வாங்கிச் செருகுவது மூன்றுக்கும் பொதுவான தீர்வு.

கேள்வி: எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்கிறது. கம்ப்யூட்டர் பல மாதம் அணைந்து கிடந்தது.

வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள், ஆண்டு உட்பட. பல வருடம் பின்னால் நிற்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டரின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைச் சரிசெய்தால் உடனே திறக்கும். மறுபடி அணைத்துப் போட்டால் திரும்பவும் பின்னால் போகிறதா? மதர்போர்டில் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. மேசைக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதைப் போட்டு, பயாஸில் ஒருமுறை தேதி வையுங்கள்.

கேள்வி: சில தளங்கள் மின்னலாகத் திறக்கின்றன. சில தளங்கள் பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கின்றன. பிரவுசரை மாற்றியும் அதே கதை.

எல்லாப் பிரவுசரிலும் அதே தளங்கள் நிற்கின்றன என்றால் எம்டியூவைச் சோதியுங்கள். ஒரே தடவையில் அனுப்பும் தகவல் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு அது. சாதாரணமாக 1500 பைட். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு ரவுட்டர் நுழைகிற பிபிபிஓஇ இணைப்பில் 8 பைட் அதற்கே போய்விடும், மிச்சம் 1492. பெரிய பொட்டலம் நடுவில் எங்கோ விழுங்கப்பட்டு, ‘சின்னதாக அனுப்பு’ என்ற தகவலும் திரும்பி வராவிட்டால், தளம் தொடங்கும், முடியாது.

கறுப்புத் திரையில் ‘பிங் -எஃப் -எல் 1472 1.1.1.1’ அடியுங்கள். 1472-உடன் தலைப்புகளுக்கு 28 சேர்த்தால் 1500. பதில் வந்தால் இந்தக் குறை இல்லை. ‘நீட்ஸ் டு பி ஃபிராக்மென்டட்’ என்றோ, பதிலே இல்லாமலோ போனால் 1464 போட்டுப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் பத்துப் பத்தாகக் குறையுங்கள். பதில் வருகிற பெரிய எண்ணோடு 28 கூட்டினால் உங்கள் எம்டியூ. ரவுட்டரின் வேன் செட்டிங் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டுச் சேமியுங்கள். விபிஎன் ஓடும்போது இந்தச் சோதனை செய்யாதீர்கள், வேறு எண் வரும்.

கேள்வி: ஆன்டிவைரஸின் காலம் முடிந்ததால் நீக்கினேன். அன்றோடு நெட் போனது. பிங் எல்லாம் பதில் சொல்கிறது, பிரவுசர் மட்டும் இல்லை.

பாதுகாப்பு மென்பொருளும் விபிஎன்னும் நெட் போகிற வழியில் தங்கள் வடிகட்டியைச் செருகிவைக்கும். நீக்கும்போது அரைகுறையாக விட்டுப்போனால் வழி அடைத்துக்கொள்ளும். முதலில் எளியதைப் பாருங்கள்: செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ப்ராக்ஸி. ‘யூஸ் எ ப்ராக்ஸி சர்வர்’ இயங்கிக்கொண்டிருந்தால் அணையுங்கள். நீங்கள் போடாமலே 127.0.0.1 என்று அங்கே இருந்தால், ஏதோ ஒரு மென்பொருள் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்பியிருக்கிறது. அணைத்த பிறகும் அது தானே திரும்ப வந்தால் வைரஸ் சோதனை அவசியம்.

ப்ராக்ஸி இல்லையென்றால், ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடி, அதன் மேல் ரைட் கிளிக் செய்து ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுங்கள். சாதாரணமாகத் திறந்தால் இந்தக் கட்டளைகள் மறுக்கப்படும். ‘நெட்எஸ்எச் வின்சாக் ரீசெட்’, பிறகு ‘நெட்எஸ்எச் இன்ட் ஐபி ரீசெட்’. இரண்டும் முடிந்து ரீஸ்டார்ட் செய்யும் வரை எந்த மாற்றமும் தெரியாது. அதற்கும் மசியாவிட்டால் அந்த ஆன்டிவைரஸ் நிறுவனமே தருகிற நீக்கும் கருவியை, போன் டெதரிங்கோ பென் டிரைவோ வழியாகக் கொண்டுவந்து ஓட்டுங்கள்.

செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் ரீசெட்’ என்றொரு பொத்தான் உண்டு. அதைக் கடைசிக்கு வைத்திருங்கள். எல்லா நெட்வொர்க் கார்டுகளையும் நீக்கி மறுபடி நிறுவும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் கையால் போட்ட எண்களும் போய்விடும். அழுத்துமுன் பாஸ்வேர்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் நெட் வருவதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால் வருகிறது. இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் சேமிக்கப்படும். போடும்போது அதே நிலை திரும்பும், தடுமாறிய டிரைவர் உட்பட. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’ பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். தூங்கி எழுந்தால் மட்டும் வைஃபை போகிற லேப்டாப்புக்கு டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டு, ப்ராபர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட் சென்று மின்சாரம் சேமிக்கக் கார்டை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுங்கள்.

கேள்வி: கேபிளில்தான் இணைத்திருக்கிறோம். 300 எம்பிபிஎஸ் இணைப்பில் 94-க்கு மேல் போவதில்லை. சில நாளாக அடிக்கடி அறுந்தும் போகிறது.

94 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. கேபிள் 100 எம்பிபிஎஸ் நிலைக்கு இறங்கிவிட்டது. அந்த நிலையில் கிடைக்கும் உச்சம் ஏறக்குறைய அவ்வளவுதான். என்சிபிஏ.சிபிஎல் திறந்து ஈதர்நெட் மேல் இருமுறை கிளிக் செய்தால் ‘ஸ்பீடு’ வரியில் 100 என்று இருக்கும், 1.0 ஜிபிபிஎஸ் இருக்க வேண்டும்.

கேபிளுக்குள் எட்டு கம்பிகள், நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு போதும்; 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று விட்டுப்போனாலும் கருவிகள் சண்டை போடாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். இப்போது அறுந்தும் போகிறது என்றால் 1, 2, 3, 6 ஆகியவற்றில் ஒன்றும் ஆட ஆரம்பித்துவிட்டது. முனையைக் கையில் பிடித்து லேசாக ஆட்டுங்கள். துளைப் பக்கத்து விளக்கு அணைந்து எரிந்தால் குறை அந்த முனையில்தான். சொடுக்கென்று மாட்டுகிற பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தாலும் இதேதான் நடக்கும்.

முதலில் வேறொரு சின்னக் கேபிளால் ரவுட்டரையும் கம்ப்யூட்டரையும் நேராக இணைத்துப் பாருங்கள். 1.0 ஜிபிபிஎஸ் வந்தால் பழைய கேபிள்தான் குற்றவாளி. ரவுட்டரின் துளையே 100 எம்பிபிஎஸ் மட்டும் தருவதாக இருந்தால் எந்தக் கேபிளாலும் பயனில்லை. அதையும் மாடல் விவரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவருக்குள் ஓடும் கேபிளென்றால் முழுதாக மாற்றும் முன் இரு முனைகளையும் வெட்டி ஆர்ஜே45 பிளக் புதிதாகப் போடலாம். நாக்கு கீழே, உலோகப் பற்கள் மேலே, திறந்த பக்கம் உங்களை நோக்கி இருக்கப் பிடித்தால் இடமிருந்து வலமாக: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. ‘நிறம் எப்படியிருந்தால் என்ன, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போட்டால் சரி’ என்று சிலர் சொல்வார்கள். குட்டைக் கேபிளில் அது ஓடிவிடும். நீண்ட கேபிளில் முறுக்கு ஜோடிகள் பிரிந்துபோய், கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும், நெட் மட்டும் தடுமாறும். ஜோடிகளின் முறுக்கைப் பிரிப்பதும் 13 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். வெளி உறையின் நுனி பிளக்குக்குள் போய், அதன் பிடியில் சிக்க வேண்டும். உறை வெளியே நின்று கம்பிகள் மட்டும் உள்ளே போயிருந்தால், ஒவ்வொரு இழுப்பும் அந்த மெல்லிய கம்பிகள் மேல்தான் விழும்.